மாப்பிள்ளை தள்ளிவிட்ட ஆள்

மார்ச் 3
நம் டைல்ஸ் கடையின் நாலாவது கிளைக்குப் பூச்சு வேலை முடிந்தது. அடுத்த மாதம் திறப்பு. எதிர்ச்சாரியில் பெரிய கம்பெனி ஒன்றும் டைல்ஸ் கடை போடப்போகிறது, முந்தவேண்டும். நடத்தத்தான் ஆள் இல்லை. விண்ணப்பங்கள் குவிந்து கிடக்கின்றன. மகள், "ஏஐகிட்ட குடுப்போம்பா, சலிச்சுத் தந்துடும்" என்கிறாள். சரி என்றேன்.

மார்ச் 5
மகள் கூட்டி வந்ததால் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தாயிற்று. எப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்று கேட்கிறது.
"மூஞ்சியைப் பார்த்தா தெரிஞ்சிடும்னு எழுது."
"அதுக்கு உங்க கண்ணு இல்லப்பா. வாயால சொல்லுங்க."
விற்பனை அனுபவம், பொறுமை. அப்புறம் என் பழைய கண்டிஷன்: சொந்தக் கடை வைத்திருந்தவர்கள் வேண்டாம். நம் வாடிக்கையாளரைத் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள்.

மார்ச் 6
காபி ஆறுவதற்குள் பட்டியல் வந்துவிட்டது! கை துறுதுறு என்கிறது.

மார்ச் 9
நேர்காணல். எல்லாரும் ஒரே அச்சு. விலை ஜாஸ்தி என்று வாடிக்கையாளர் சொன்னால்? "மேலிடத்துல கேட்பேன் சார்." மேலிடம் நான்தானே. பிறகு நானே போய் உட்காரவா?

மார்ச் 10
மாப்பிள்ளையைத் துரத்தச் சொன்னேன். "நீங்க சொன்னதைத்தானேப்பா செஞ்சுது? தள்ளினவங்களைப் பாருங்க" என்றாள் மகள். பார்த்தேன். பெயிண்ட் கடை நடத்திய அம்மா ஒருவர். மேம்பாலம் வந்து வாசல் மறைந்ததாம். ஊழியர்களுக்கெல்லாம் வேறு வேலை பார்த்துக் கொடுத்த பிறகே கடையைப் பூட்டியிருக்கிறார். ச்சே, இவரையா தள்ளியிருக்கிறோம்?
வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "முதல் கடையை மூடிட்டு நீங்க வேலை தேடினப்ப இந்த கண்டிஷன் இருந்திருந்தா?"


மார்ச் 12
கண்டிஷனை எடுத்தாயிற்று. இனி மாப்பிள்ளை சலிக்கட்டும். அது தள்ளுவதை மகளும் ஒருமுறை பார்ப்பாள். முடிவு நம்முடையது.
அந்த அம்மா வந்தார். அதே கேள்வி. "விலையைப் பேசறவர்தான் சார் வாங்க வந்தவர். சும்மா வந்தவர் நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போயிடுவார்."
"நாளைக்கு எனக்கு எதிர்லயே கடை போட்டுட்டா?"
"போட்டா உங்ககிட்டதான் முதல்ல சொல்வேன். அதுக்குள்ள நீங்க அஞ்சாவது கிளை திறந்திருப்பீங்க."
தூக்கம் வரவில்லை, சந்தோஷத்தில்.

ஏப்ரல் 6
திறப்பு. எதிர்ச்சாரியில் இன்னும் சாரம் பிரிக்கவில்லை. மச்சான் வந்து தள்ளுபடி கேட்டான். கல்லாவில் இருந்த அந்த அம்மாவிடம், "போட்டுக் குடுங்கம்மா" என்றேன்.
"போடலாம் சார். ஆனா பக்கத்துல நிக்கறவரும் கேட்டுட்டிருக்கார், அவருக்கும் போடணும்."
மச்சான் முழு விலைக்கு வாங்கிப் போனான். கல்லாப் பக்கம் எனக்கு வேலையில்லை. வெளியே வந்து மகளுக்குப் போன் போட்டேன்: "மாப்பிள்ளையை எழுப்பும்மா. அஞ்சாவது கிளைக்கு ஆள் பார்க்கணும்."