துவக்கு ஆவதற்கு முன் அந்தச் சொல்

என் அன்பு அண்ணை,

உங்கள் நோட்டுப் புத்தகங்கள் கிடைத்துவிட்டன. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் இறந்த அடுத்த வாரமே வீட்டுக்காரர் லண்டன் பிளேஸ்டோவில் நீங்கள் இருந்த அறையைத் துப்புரவாக்கிவிட்டார். பேக்கரி ஷிப்ட் முடிந்து வந்து வருடக்கணக்காக நீங்கள் எழுதிய சொல்லாராய்ச்சியெல்லாம் குப்பையோடு போய்விட்டது என்றே நினைத்திருந்தேன்.

போன ஞாயிறு பூசை முடிந்து வந்தால், ஈஸ்ட் ஹாமில் என் வாசலில் கெமால் நிற்கிறார். உங்களோடு வேலைசெய்த துருக்கிக்காரர். கையில் ஆறு நோட்டுகள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அவரிடம் கொடுத்தீர்களாமே. என்னிடம் ஏன் தரவில்லை?

காரணம் தெரியும். "எங்கட தம்பியைத் துவக்காலதானே சுட்டவங்கள்? அந்தச் சொல்லை ஏன் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருக்கிறியள்?" என்று கத்தியவள் நான்தானே.

கெமாலிடம் அதைச் சொல்லி அழுதேன். "தங்கச்சி கோவிக்கிறது சரிதான் எண்டு உங்கட அண்ணையே சொன்னவர்" என்றார். அவர் சொன்னது ஆங்கிலத்தில்; எனக்கு உங்கள் குரலில் கேட்டது.

இருவருமாகக் கடைசி நோட்டை விரித்தோம். எங்கள் 'துவக்கு', துருக்கியரின் 'துஃபெக்', அதற்கும் முன்னே பழைய துருக்கியில் 'துவெக்'. எல்லாவற்றுக்கும் மூலமாக 'துபெக்' என்று எழுதி, முன்னால் ஒரு நட்சத்திரம் போட்டிருந்தீர்கள். எந்த ஏட்டிலும் இல்லாத, ஒப்பிட்டுக் கணித்த சொல்லுக்கு அந்த அடையாளம் என்று கெமால் சொன்னார். பேக்கரியில் தேத்தண்ணி பிரேக்கில் நீங்கள் சொல்லிக்கொடுத்ததாம்.

துவெக் என்றால் வெறும் குழல். பச்சை மரப்பட்டையை உருவி, உள்ளே உருண்டை வைத்து, ஊதிக் குருவி அடிப்பது. குருவிக்கு அது நல்ல சாமான் இல்லைத்தான். ஆனால் மனிதரைக் கொல்லப் பிறந்த சொல் அல்ல. இதைத்தானா இவ்வளவு காலமும் தேடினீர்கள்?

ஓரத்தில் தமிழில் ஒரு வரி: "தம்பியும் பப்பாசிக் குழலால் ஊதுவான்."

ஊதுவான் அண்ணை! ஈரக் கடதாசி உருண்டை, குறி தவறாமல் என் பிடரியில். அவன் செத்த விதம் மட்டுமே இத்தனை வருடமும் நினைவிலிருந்தது. அன்று கெமாலுக்கு முன்னால் வாய்விட்டுச் சிரித்தேன்.

உங்கள் ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய பேராசிரியரோடு கதைத்தேன். தட்டச்சுச் செய்து அனுப்பச் சொன்னார். நட்சத்திரம் ஒன்றுகூட விடுபடாமல் அடித்து முடிப்பேன். முதல் பக்கத்தில் தம்பியின் பெயரைப் போடுவேன், பெயரை மட்டும்.

உங்கள் இருவருக்கும் ஒரே அக்காவும் தங்கச்சியுமான
ரெஜினா
ஈஸ்ட் ஹாம், 2006