கொய்யாக் கிளையில் நிலாப்பூச்சி

மார்ச் 11, சனி (2006)

விடிகாலை மூடுபனி. எதிர் வீடு இல்லை, தெரு இல்லை. தாம்பரம் பக்கமிருந்து ரயில் ஊதும் சத்தம் மட்டும். பஞ்சுக்குள் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது.

சுபுஹு தொழுதுவிட்டுக் கொல்லைக்குப் போனேன். அந்துப்பூச்சிகளைக் கணக்கெடுக்க நான் வைத்த பொறி: பக்கெட், மேலே புனல், புனலின் வாயில் விளக்கு, உள்ளே முட்டை அட்டைகள். இரவெல்லாம் வெளிச்சத்துக்கு வந்து விழுந்தவர்கள் அட்டை மடிப்பில் தூங்குகிறார்கள். நோட்டில் ஏற்றியது:

ஆமணக்குப் பூச்சி 4
அரளிப் பச்சை 1 (பாசி படிந்த சுவர் மாதிரி உடம்பு. ஆஹா!)
பெ.தெ. நிறைய

பெ.தெ. என்றால் பெயர் தெரியாதது. அதில் ஒன்றுக்கு நானே ‘சாம்பல் புடவை’ என்று வைத்திருக்கிறேன். எல்லாரையும் செம்பருத்திப் புதருக்குள் விட்டாயிற்று.

பீரோ மேல் இருக்கும் பூச்சிக்கூடு இன்னும் அப்படியே. ஜனவரியில் பக்கத்து வீட்டுத் தனம் அக்காவின் பாதாம் மரம் நம் பக்கம் கொட்டிய சருகைப் பெருக்கும்போது கிடைத்தது. இலைக்குள் சுருட்டிய பழுப்பு முட்டை மாதிரி. குலுக்கினால் உள்ளே கனமாக ஏதோ உருளுகிறது. அதிகம் குலுக்கக் கூடாது. ஆனாலும் தினம் ஒரு தடவை.

தேங்காய், சோப்பு, அம்மாவின் கண் சொட்டு மருந்து வாங்க வேண்டும்.

மார்ச் 13, திங்கள்

வந்துவிட்டாள்!

ஏழு மணிக்குக் காட்டாங்குளத்தூர் ரயிலுக்குக் கிளம்பும்போது பீரோ மேல் கரகரவென்று சத்தம். கூட்டின் நுனி நனைந்து, வெள்ளை ரோமத் தலை வெளியே. நசுங்கிய காகிதம்போல இறக்கை. செருப்பைக் கழற்றிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். கல்லூரி லேபுக்கு போன் செய்து வயிற்று வலி என்று சொல்லியாயிற்று.

அம்மா: “லீவு எதுக்கு? பூச்சி பொறந்ததுக்கா?”

“ஆமா.”

“எனக்கு ஆபரேஷன் அன்னிக்குக் கூட நீ மத்தியானம்தான் வந்தே.”

உண்மைதான்.

ஒன்பது மணிக்குள் இறக்கை விரிந்துவிட்டது. வெளிறிய பச்சை, வெள்ளரிப் பிஞ்சை நறுக்கினால் உள்ளே தெரியுமே, அந்த நிறம். முன் ஓரம் மட்டும் கருஞ்சிவப்பு. பின்னால் இரண்டு நீள வால். நிலாப்பூச்சி. படத்தில் மட்டுமே பார்த்தது, இங்கே ஒருமுறைகூடப் பக்கெட்டில் விழுந்ததில்லை.

தலையில் நீட்டிக்கொண்டிருக்கும் மீசை ஒல்லியாக இருக்கிறது, ஆகவே பெண். ஆணுக்குச் சீப்பு மாதிரி அகலமாக இருக்கும். இவளுக்கு வாயே கிடையாது. சாப்பிடமாட்டாள், குடிக்கமாட்டாள், ஒரு வாரம் இருந்தால் அதிகம். இரவில் தன் வாசனையைக் காற்றில் விடுவாள், அதைப் பிடித்துக்கொண்டு எங்கிருந்தாவது ஓர் ஆண் வர வேண்டும். அவ்வளவுதான் அவள் வாழ்க்கை.

எங்கிருந்தாவது என்றால் எங்கிருந்து? சுற்றிலும் ஃபிளாட். இந்தப் பக்கத்தில் இன்னொன்று இருக்கிறதா என்றே தெரியாது. கூட்டோடு இவளை எடுத்து வந்தது நான்தான். கவலையாக இருக்கிறது.

அண்ணன் குழந்தைக்கு வாங்கிய குடைக் கொசுவலையைக் கொய்யாக் கிளையில் கட்டி, உள்ளே விட்டேன்.

அம்மா பார்த்துவிட்டு, “பொண்ணு ரெடி. மாப்பிள்ளை எந்த ஊரு?” என்றாள். எனக்கு வரன் பார்ப்பதை அம்மா நிறுத்தி இரண்டு வருடம். கேட்க ஒரு பெண் கிடைத்துவிட்டாள், விடுவாளா?

மார்ச் 14, செவ்வாய்

பௌர்ணமி. பக்கெட்டில் கூட்டம் குறைவு, நிலா நாளில் அப்படித்தான். ஆ.பூ. 1, பெ.தெ. சில.

வலைக்கு யாரும் வரவில்லை. அவள் அசையாமல் தொங்குகிறாள், காற்றில் வால் மட்டும் ஆடுகிறது. ரயிலிலும் அந்த வால்தான் கண்ணில். நினைவு தப்பி, வழியில் வண்டலூரிலேயே இறங்கப் பார்த்துவிட்டேன்.

மாலையில் தனம் அக்கா மதில்மேல் கையை ஊன்றி: “இன்னாம்மா ஷமீமு, ராவெல்லாம் பக்கெட்ல லைட்டு போட்டுகினு கீறே, இப்ப கொசுவலை வேற. உள்ள யாரு?”

காட்டினேன். அக்கா மதிலுக்கு மேல் எக்கிப் பார்த்தார். “எங்க வயக்காடு இருந்தப்போ கூட இத்த நான் பாத்ததில்ல. நெசமாவே பூச்சியா இது?” என்றார். வயல் இருந்த இடத்தில் இப்போது அக்காவின் மூன்று வாடகை போர்ஷன். மாடியில் நான்காவது எழும்புகிறது.

மார்ச் 16, வியாழன்

கெட்ட நாள்.

மூன்று இரவாக ஒருவரும் இல்லை. அவள் வலையில் முட்டையிட ஆரம்பித்துவிட்டாள். ஆண் வராத முட்டை, பொரியாது. சோளத்தில் பாதி அளவு.

இந்த லட்சணத்தில், வேலை முடிந்து வந்தால் கொல்லை முழுக்க சாம்பிராணிப் புகை. வியாழன் மாலை வழக்கப்படி அம்மா சட்டியோடு வீட்டைச் சுற்றி, கொய்யாவுக்கும் வந்து, வலையைச் சுற்றி மூன்று தடவை காட்டியிருக்கிறாள்.

“கண்ணு படக் கூடாதுன்னுதான்மா.”

கத்திவிட்டேன். அவள் வாசனை ஒன்றுதான் அழைப்பு, அதையும் அமுக்கிவிட்டாய் என்று. அம்மா சட்டியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ராத்திரி தனித்தனியே சாப்பிட்டோம். ரசத்தில் உப்பில்லை, இருவரும் சொல்லவில்லை.

மார்ச் 17, வெள்ளி

தொழுதுவிட்டு அப்படியே பாயில் தூங்கிவிட்டேன். விடிந்தபின்தான் எழுந்தேன். தவிட்டுக்குருவிகள் பக்கெட்டைச் சுற்றி ஒரே கச்சேரி.

தரையில் நான்கு இறக்கைகள். வெளிர்பச்சை. ஒரு வால் தனியாக.

அவள்தான் என்று நினைத்துக் கொய்யாவுக்கு ஓடினேன். வலைக்குள் தொங்கிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்து குனிந்து பார்த்தேன். இறக்கைகளுக்கு நடுவில் ஒற்றை மீசை. அகலமாக, சீப்பு மாதிரி.

வந்திருக்கிறான்! எங்கிருந்தோ அத்தனை ஃபிளாட்டையும் தாண்டி, சாம்பிராணியையும் தாண்டி, அவளுக்குப் பத்தடி தூரம்வரை வந்திருக்கிறான். அங்கே என் விளக்கு இழுத்துக்கொண்டது. விடிந்ததும் குருவிகள்.

விளக்கை அணைத்திருக்கலாம். தெரியாமல் இல்லை. வெளிச்சம் எதையும் விடாது என்று எனக்குத் தெரியாதா? ஒரு இரவுக் கணக்கு விட்டுப்போகுமே என்றுதான் போட்டேன். அவளுக்கு ஆண் வரவும் வேண்டும், என் நோட்டும் நிறைய வேண்டும். பேராசை.

அம்மா வந்து இறக்கைகளைப் பார்த்தாள். சத்தமில்லாமல் ஏதோ ஓதினாள். “என் மேல தப்பில்லல்ல?” என்றாள் பிறகு.

“இல்லம்மா. என் தப்பு.” அழுகை வந்துவிட்டது. அம்மா என் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

இறக்கைகளை நோட்டில் ஒட்டவில்லை. செம்பருத்தி அடியில் புதைத்தேன்.

மார்ச் 18, சனி

காலை ரொம்ப நேரம் ஒரே யோசனை. ஒருவன் இருந்தான் என்றால் இன்னொருவனும் இருப்பான். இருக்க வேண்டும்.

அவள் தளர்ந்துவிட்டாள். இறக்கை ஓரம் பிசிறு பிசிறாக. ஒரு வால் பாதிதான். இன்று விட்டால் நாளை இருப்பாளா தெரியாது.

என் பக்கெட்டைக் கவிழ்த்து வைத்தாயிற்று. மிச்சம் தனம் அக்காவின் டியூப்லைட். மாடி கட்டக் கம்பியும் மணலும் குவித்திருப்பதால் ராத்திரி முழுக்க எரியும், நேராக எங்கள் கொய்யா மேல். ஒரு ராத்திரி அணைக்க முடியுமா என்று போய்க் கேட்டேன்.

“வெளையாடுறியா? கம்பிய எவனாவது தூக்கினு பூட்டா? ஏற்கெனவே ஒருவாட்டி போச்சு.”

குருவி தின்றதைச் சொன்னேன். அக்கா மதிலில் ஒட்டியிருந்த சிமெண்டை நகத்தால் சுரண்டிக்கொண்டே கேட்டார்.

“வந்தானா அவன்? இம்மாந்தூரமா? இந்த லைட்டையெல்லாம் தாண்டிகினா?”

“ஆமாக்கா.”

“சரி, ஒரு ராவுதானே. நான் கம்பி பக்கத்துலயே கட்டிலப் போட்டுகினு படுத்துக்கறேன். நீயும் வந்து குந்து.”

எட்டு மணிக்கு லைட் அணைந்தது. வலையின் கீழ்ப் பக்கத்தைத் தூக்கிக் கட்டிவிட்டேன். போனால் போகட்டும் என்று. அவள் போகவில்லை.

அம்மாவும் நாற்காலியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். மூன்று பேரும் இருட்டில். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒவ்வொன்றாக வந்தது: மணல் குவியல், மதில், பாதாமின் புதுத் துளிர், கடைசியாக அவள், வெளுப்பாக, மிதப்பதுபோல. வேப்பம்பூ வாசனை. எதிர் வீட்டு டி.வி. ஓய்ந்தபின் பேச்சும் குறைந்தது. அக்கா தன் கல்யாணத்தன்று மழை பெய்து பந்தல் சாய்ந்ததைச் சொன்னார். அம்மா தன் நிக்காஹ் முடிந்து மூன்றாம் நாள்தான் அத்தாவின் முகத்தைச் சரியாகப் பார்த்ததாகச் சொன்னாள். இத்தனை வருடத்தில் என்னிடம் சொன்னதில்லை. இருட்டு இவ்வளவு இதமானது என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது. நான்தான் தினமும் விளக்கு போட்டுக்கொண்டிருந்தேனே.

நிலா ஏறும் நேரம் என் கண் செருகியது. தூங்கவில்லை என்று நினைத்துக்கொண்டே தூங்கினேன்.

மார்ச் 19, ஞாயிறு

பள்ளிவாசல் பாங்கு சத்தத்தில் விழித்தேன். பனி இல்லை. கழுத்து வலி. அக்கா கட்டிலில் குறட்டை, கம்பி பத்திரம்.

கொய்யாவைப் பார்க்கப் பயமாக இருந்தது. தரையைத்தான் முதலில் பார்த்தேன். இறக்கை எதுவும் இல்லை.

நிமிர்ந்தேன். வலையின் விளிம்பில் அவள். அவளோடு வயிற்று நுனி சேர்ந்து, தலைகீழாக இன்னொருவன். அவளைவிடச் சிறிய உடம்பு, மஞ்சளோடிய பச்சை, அகலமான மீசை. இரண்டும் அசையவில்லை. நானும் அசையவில்லை. எவ்வளவு நேரமோ.

அம்மாவைத் தொட்டு எழுப்பினேன். விரலால் காட்டினேன்.

அம்மா எழுந்து, கண்ணைக் கசக்கி, கிட்டே போய்ப் பார்த்தாள். சட்டென்று ஒரு அடி பின்வாங்கி, மாப்பிள்ளையைக் கண்டவள்போல் தலை முக்காட்டை நெற்றிவரை இழுத்து விட்டுக்கொண்டாள்.