டிராகனுக்குக் கவ்வாத்து

என்னங்க,

இன்றைய ஹட்டன் கார்டு விளையாட்டுப் போட்டிக்கு நான் அடுக்கி வைத்த கார்டுக் கட்டுக்குள் டிராகன் கார்டுகளைக் காணோம்! எல்லாம் மந்திரக் கார்டு. கழித்த டிராகன்கள் நீங்கள் தேயிலைச் செடியைக் கழிக்கும் கவ்வாத்துக் கத்திக்குப் பக்கத்தில்!

நீங்கள் வேலை செய்யும் மலைக்கே வந்து சண்டை பிடிக்க இருந்தேன். அதற்கு முன் பக்கத்து வீட்டுக் கேஷிகாவோடு விளையாடிப் பார்த்தேன். எப்போதும் என்னை ஜெயிப்பவள் ஐந்து ஆட்டத்திலும் தோற்றாள். அவளுடைய பூதம் எழும்புவதற்குள் நீங்கள் சேர்த்த மந்திரக் கார்டு எரித்துவிடுகிறது!

“தேயில வெட்டுற ஆளுக்கு இதெல்லாம் என்னா வெளங்கும்?” என்று, நேற்று நீங்கள் டிராகனைக் குறைக்கச் சொன்னபோது கேட்டேனே.

ரொட்டியும் சம்பலும் மூடி வைத்திருக்கிறேன். சாப்பிட்டுவிட்டுப் போட்டிக்கு வாருங்கள். சாவியைக் கேஷிகாவிடம் கொடுங்கள்.

வினோதா

பி.கு: இப்போதுதான் பார்த்தேன், ஒரு டிராகனை மட்டும் கட்டுக்குள்ளேயே விட்டிருக்கிறீர்கள். நிச்சயத்தன்று நீங்கள் தந்தது. “கவ்வாத்து வெட்டுறப்ப செடி மூச்சுவிட ஒரு கொப்ப விட்டுறணும்” என்பீர்களே. நேற்று உங்களுக்கு நான் அதைக்கூட விடவில்லை.