ஃப்ரிட்ஜுக்குள் சாவி

அன்று காலை கார் சாவி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். உன்னிடம் சொல்லவில்லை.

இன்று சாயங்காலம் தயிரை உள்ளே வைத்துவிட்டுத் திரும்பும்போது ஃப்ரிட்ஜின் மோட்டார் தானாக நின்றது. அதுவரை ஓடிக்கொண்டிருந்தது என்பதே நின்ற பிறகுதான் தெரிந்தது. ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் இந்த வீட்டுக்கு வந்து வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் அந்த அமைதி விழுந்தவுடன் ரெக்கார்டரின் பட்டனைத் தேடி என் கை நீள்கிறது. யாரோ "ம், ஆரம்பி" என்று சொல்லப்போகிறார்கள் என்று காத்திருக்கிறேன். யாரும் சொல்வதில்லை. மோட்டார் மறுபடி ஓட ஆரம்பிக்கிறது.

டெக்சஸில், ஃபிரிஸ்கோவில் நாம் இருவரும் சேர்ந்து குடியிருந்த வீட்டு ஹாலின் நடுவில் நீ ஒரே ஒரு மைக்கை நிறுத்தியிருந்தாய். அந்த ஊர்க்காரர்களின் பழைய நாட்டுப்புற இசைத்தட்டுகள் இப்படித்தான் பதிவாயின என்பது உன் கட்சி. எல்லோரும் ஒரு மைக்கைச் சுற்றி நிற்க வேண்டும். சத்தமாகப் பாடுகிறவர் தள்ளிப் போக வேண்டும், மெல்லப் பாடுகிறவர் கிட்டே வர வேண்டும். பிறகு எதையும் ஏற்றி இறக்க முடியாது. "நின்ன எடம்தான்டி மிக்ஸிங்" என்பாய். அந்த மெட்டுகளில் நீ எழுதியவையெல்லாம் தமிழ்ப் பாட்டுகள். லாண்டரி அறையில் தொலைந்த ஒற்றைச் சாக்ஸுக்கு ஒரு பாட்டு. ஹைவேயில் தவறவிட்ட எக்ஸிட்டுக்கு ஒரு பாட்டு.

சனிக்கிழமைகளில் கீழ் வீட்டு அமெரிக்கர் ராய் அங்கிள் ஸ்டீல் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வருவார். டெக்சஸ் வெயிலில் நாம் ஏசியை நிறுத்துவோம், பிறகு ஃப்ரிட்ஜையும். அதன் இரைச்சல் மைக்கில் விழும். முதல் சனிக்கிழமை ஃப்ரிட்ஜை மறுபடி போட மறந்து, இட்லி மாவு பொங்கி அடுத்த தட்டிலிருந்த உன் மீன் குழம்புக்குள் இறங்கிவிட்டது. "நல்லதாப் போச்சு, நம்ம ரெண்டு வீடும் சம்பந்தம் பண்ணிக்கிச்சு" என்று சிரித்தாய். அன்றே சட்டம் போட்டாய்: பதிவு தொடங்கும் முன் என் கார் சாவி ஃப்ரிட்ஜுக்குள் போக வேண்டும். அதை எடுக்காமல் நான் வெளியே கிளம்ப முடியாது. எடுக்கக் கதவைத் திறந்தால் உள்ளே விளக்கு எரியாது. ஸ்விட்ச் ஞாபகம் வந்துவிடும்.

ஏழு பாட்டு முடிந்திருந்தபோது உன் வேலை போயிற்று. அந்த வருடம் எத்தனையோ பேருக்குப் போனது. வேறு கம்பெனி கிடைக்கவில்லை. விசா இல்லாமல் இருக்க முடியாது, ஊருக்குத் திரும்பியாக வேண்டும். காரை விற்றாய், கட்டிலை விற்றாய், கிட்டாரை மட்டும் விற்கவில்லை. எட்டாவது பாட்டு இல்லாமல் ஆல்பம் இல்லை என்றாய்.

அது ஊருக்குப் போன் பேசுகிற பாட்டு. ஒரு குரல் "அப்புறம்?" என்று கேட்கும், மற்றது "வேறென்ன?" என்று பதில் சொல்லும். கேட்கிற குரல் என்னுடையது என்று நீயே முடிவு செய்துவிட்டாய். குளியலறைக்கு வெளியே நான் பாடியதே இல்லை.

கிளம்புவதற்கு முந்தின மாலை முயன்றோம். ராய் அங்கிள் சும்மா கேட்க வந்து உட்கார்ந்திருந்தார். "அப்புறம்" என்றால் என்ன என்றார்.

"அண்ட் தென்?" என்றாய். மற்ற வார்த்தைக்கும் அர்த்தம் கேட்டார்.

"வேறென்ன?"

"அதுவும் கிட்டத்தட்ட அண்ட் தென்தான், அங்கிள்."

"அப்போ இந்த ரெண்டு பேரும் எதுவுமே சொல்லிக்கலையா?"

"அதான் பாட்டு!"

அவரும் நீயும் சிரித்தீர்கள். திரும்பத் திரும்பத் தொடங்கியும் என் குரல் மைக் வரை வரவில்லை. "விடுடி, ஏழு பாட்டும் ஆல்பம்தான்" என்று சொல்லிவிட்டுப் பெட்டி கட்டப் போனாய். உன் முகத்தை நான் பார்க்கவில்லை. ஃப்ரிட்ஜைப் போட யாருக்கும் தோன்றவில்லை.

காலையில் பெட்டிகள் வாசலில் இருந்தன, சாவி இல்லை. நீ ஷூக்களைக் கவிழ்த்துப் பார்த்தாய், கட்டிய பெட்டியை அவிழ்த்தாய். நான் சோஃபாவுக்கு அடியில் குனிந்து தேடினேன், சமையலறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

"ஃப்ளைட் போச்சுன்னா உம்மா என்னைக் கொன்னுடும்" என்றாய். கொஞ்சம் கழித்து, "சாவி கெடைக்கிற வரைக்கும் சும்மா நிப்பானேன்? மைக் இன்னும் பிரிக்கல. ஒரே ஒரு தடவை" என்றாய்.

நீ ஓர் அடி பின்னால் போனாய். நான் ஓர் அடி முன்னால் வந்தேன். கேட்டேன். நீ பதில் சொன்னாய். கடைசி வரி வரை என் குரல் உடையவில்லை. முடிந்ததும் முகம் கழுவப் போய்விட்டேன். குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தபோது நீ கத்தினாய்: "கெடச்சிடுச்சுடி! ஃப்ரிட்ஜுல! மாவு வழியுது, வந்து பாரு!"

நான் ஆச்சரியப்பட்டது போல நடித்தேன். விமான நிலையம் வரை ஸ்டியரிங்கில் புளித்த மாவின் வாசனை. "அப்புறம்?" என்று நீ ஒருமுறை கேட்டாய்.

மறு வருடம் குறுந்தகடு தபாலில் வந்தது. எட்டுப் பாட்டு. எட்டாவதின் முடிவை நீ வெட்டாமல் விட்டிருந்தாய். கிட்டார் ஓய்ந்தபின் நான் நடந்து போகிற சத்தம், குழாய்ச் சத்தம். பிறகு உன் காலடிகள். எங்கும் நிற்கவில்லை, எந்த இழுப்பறையும் திறக்கவில்லை. நேரே போய் ஃப்ரிட்ஜைத் திறக்கிறாய். சாவி குலுங்குகிறது. அதன்பின் வெகு நேரம் ஒன்றுமில்லை. அதற்குப் பிறகுதான் கத்துகிறாய்.

உனக்கும் தெரிந்திருக்கிறது.

அந்த வெகு நேரத்தைத்தான் நான் இன்னும் வைத்திருக்கிறேன். பாட்டைவிட அதிகமாக அதைத்தான் கேட்கிறேன். அதற்குப் பிறகு யார் முன்னும் நான் பாடியதில்லை.

இதைப் பற்றி உன்னிடம் பேச ஊருக்குப் போன் பேசுகிற காலிங் கார்டு ஒன்று வாங்கி, நீ வீட்டில் இருக்கிற ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தேன். உன் தம்பிதான் போனை எடுத்தான். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்களாம். வியாழக்கிழமையே உன்னை அடக்கம் செய்துவிட்டிருந்தார்கள்.