சாப்பிட்டாயிற்று என்றீர்களே, அக்கா

மோர்னிங்சைட், ரொறன்ரோ
5 ஜனவரி 2025

அன்பு நிருஜா அக்காவுக்கு,

மெடானில் நீங்கள் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். இங்கே முழங்காலளவு பனி.

உங்கள்மேல் எனக்கு ஒரு கோபம். கனடா வந்து இரண்டு வருடமாகியும், ஆங்கில வகுப்பில் "நேற்று நான் போகிறேன்" என்று சொல்லிச் சிரிப்பு வாங்கினேன். மெடான் அகதி விடுதியில் நீங்கள் படிப்பித்த இந்தோனேசிய மொழியில் வினைச்சொல் மாறுவதே இல்லையே! நேற்றுச் சாப்பிட்டாலும் நாளை சாப்பிட்டாலும் மக்கான்தான். முன்னால் சுடா வைத்தால் முடிந்தது, செடாங் வைத்தால் நடக்கிறது, அக்கான் வைத்தால் இனிமேல். அந்தச் சுகத்துக்குப் பழகிய நாக்கு இங்கே படாத பாடு படுகிறது.

ஜெசிகாவுக்கு ஏழு வயதாகிவிட்டது. "நிருஜா அன்ரி எப்ப வாறா?" என்று ஒரே அரியண்டம். உங்களைக் கனடாவுக்கு எடுக்க எங்கள் பங்குக் கோயில் போட்ட விண்ணப்பத்துக்குப் பதில் வந்ததா?

உங்கள் தங்கை,
அருள்மலர்

மெடான்
2 பெப்ரவரி 2025

அன்பின் மலர்,

உன் கடிதத்தால் கனகாலத்துக்குப் பிறகு சிரித்தேன். பதில் வரவில்லை. வீட்டுக்காரம்மா நாளாந்தம் விசாவைப் பற்றிக் கேட்கிறா. இங்கே அதற்கு "இல்லை" என்று சொல்லும் வழக்கமில்லை; "பெலும்", அதாவது "இன்னும் இல்லை" என்றுதான் சொல்ல வேண்டும். பத்து வருடமாகச் சொல்லிக் களைத்துவிட்டேன். ஊருக்குத் திரும்பச் சம்மதம் என்று சித்திரையில் கையெழுத்துப் போடப் போகிறேன். என் இடத்தைக் கோயில்காரர் வேறு ஆருக்காவது கொடுக்கட்டும்.

ஜெசிகாவுக்கு என் முத்தம்.

நிருஜா

மோர்னிங்சைட்
20 பெப்ரவரி 2025

அக்கா,

கையெழுத்துப் போடாதீர்கள். காலில் விழுந்து கேட்கிறேன்.

ஜெசிகா வயிற்றில் இருந்தபோது, பெண்கள் விடுதியில் ஆளுக்கு ஒரு பார்சல் சோறு. "சுடா மக்கான், அக்கா?" என்று கேட்பேன். "சுடா" என்று உங்கள் பார்சலை என் பக்கம் தள்ளுவீர்கள். நானும் நம்பினேன். நீங்கள் வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்ததை, எங்கள் அறையில் இருந்த கஜனி போன மாதம் ஒஷாவாவிலிருந்து வந்தபோதுதான் சொன்னாள்.

என் பிள்ளை உங்கள் சோற்றில் பிறந்தவள். நன்றி என்று எழுதிப் பார்த்தேன், போதவில்லை. உங்கள் இடம் வேறு ஒருவருக்கும் இல்லை. இவர் இங்கே உங்களுக்கென்று வைத்திருக்கிற அறைக்குப் பெயின்ற்கூட அடித்துவிட்டார். இன்னும் கொஞ்சக் காலம் எனக்காகப் பெலும் சொல்லுங்கள்.

மலர்

3 ஒக்ரோபர் 2025, காலை

அக்கா,

விமானக் களைப்பில் நல்ல நித்திரை, எழுப்ப மனம் வரவில்லை. இதைப் பிரிட்ஜில் ஒட்டிவிட்டு வேலைக்குப் போகிறேன். நீங்கள் உண்மையாகவே வந்துவிட்டீர்களா என்று நானும் ஜெசிகாவும் மாறிமாறி எட்டிப் பார்த்தோம். கடவுளுக்கு நன்றி.

அடுப்பில் சோறும் மீன்குழம்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும் இருக்கின்றன. மத்தியானம் போன் எடுத்துக் கேட்பேன். நீங்கள் சுடா என்றால் நம்பமாட்டேன். பின்னேரம் வந்து பானையைத் திறந்து பார்ப்பேன்.

உங்கள் மலர்