பக்கீர் ராவுத்தன் கல்

இரும்புலியூர்,
3.2.2025, திங்கள்கிழமை.

அன்பு மருமகள் மாஹிராவுக்கு, பக்கீர் மாமா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். டெல்லிக் குளிரில் காதை மூடிக்கொண்டு காலேஜுக்குப் போ. இங்கே நானும் உன் அம்மா பரிதா அக்காவும் அல்லாஹ் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம்.

கல்லை நேரில் பார்த்தவர் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்று உங்கள் பேராசிரியர் ராஜாராமன் சார் கேட்டதாகச் சொன்னாய். அதற்காகத்தான் இந்தக் கடிதம். நான் பத்தாவதுவரைதான் படித்தவன் என்று சாரிடம் சொல். ஆனால் அனுபவத்தில் டாக்டர் பட்டம் என்று சினிமா செட்டில் வேலை செய்கிற முன்னூறு பேரும் சொல்வார்கள், அதையும் சொல்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கோடையில் எங்கள் ஏரி வற்றிக் கிடந்தபோது சேற்றில் ஒரு கருங்கல்லைப் பார்த்தேன். என் உயரம் இருக்கும். நாலு பேர் சேர்ந்தும் அசைக்க முடியவில்லை, நான் ஒருத்தனே கடப்பாரை போட்டு நிமிர்த்தினேன். மேலெல்லாம் பழைய எழுத்து. கடைசி வரியில் 'பல்லவபுரத்துப் பக்கீர் ராவுத்தன்' என்று நம் முன்னோர் பேர். எழுத்துக் கூட்டி நானே படித்துவிட்டேன். போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினேன். அறுநூறு வருஷத்துக்கு முன்னால், அநியாய வரி கொடுக்க மாட்டோம் என்று ஜனங்கள் எழும்பின கலகத்தைப் பற்றின கல் இது என்று நீதான் சொன்னாய். அந்தக் கலகத்துக்குத் தலைவன் பேர் நீ படித்த எதிலும் இல்லை, இதில்தான் இருக்கிறது என்றும் சொன்னாய். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

சார் நேரில் வந்து, கல்மேல் ஈரக் காகிதம் ஒட்டி மை தட்டிப் படி எடுக்க வேண்டும் என்கிறார். அதில்தான் ஒரு பேஜார். போன மாசம் ரோடு வேலைக்கு வந்த லாரி ஒன்று ஏரிக்கரைக் கல்லையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டது. நான் விடவில்லை. ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டலூர்வரை துரத்தினேன். மிருகக்காட்சிச் சாலை வாசலில் டிராஃபிக்கில் தப்பிவிட்டான். கல் போனால் என்ன, பார்த்த கண் இருக்கிறது, போட்டோ இருக்கிறது.

அதே கலகத்தைப் பற்றி நான் வேலை செய்த படம் பொங்கலுக்கு வந்து ஓடுகிறது. அதில் வருகிற கோட்டைச் சுவர், தூண் எல்லாம் உன் மாமா வார்த்தது. டைரக்டரே என் தோளில் கை போட்டு, பாய் இல்லைன்னா இந்தப் படமே இல்லை என்றார்.

இப்படிக்கு, நடந்ததைத் தவிர ஒரு எழுத்தும் கூட்டாத,
பக்கீர் முகமது.


இரும்புலியூர்,
12.2.2025, புதன்கிழமை.

அன்பு மருமகள் மாஹிராவுக்கு, மாமாவின் சலாம். இதை முதலில் தனியாக உட்கார்ந்து படி. பிறகு ராஜாராமன் சார் கையில் கொடு.

போனிலேயே சொல்லிவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை உன்னை மூன்று தடவை கூப்பிட்டேன். நீ எடுத்ததும் என் வாய் அதுபாட்டுக்கு லாரிக்கு நம்பர் பிளேட் வைத்தது, டிரைவருக்கு மீசை வைத்தது. நீயும், அய்யோ மாமா, இந்த வயசுல அவ்ளோ தூரம் ஓடினீங்களா என்று கேட்டாய். அப்புறம் என்னால் முடியவில்லை. எழுதும்போது என் கை மெதுவாகத்தான் போகும். ஒரு பொய்யை எழுதி முடிப்பதற்குள் அது என்னைத் திரும்பிப் பார்த்துவிடுகிறது.

லாரி வரவில்லை. நான் துரத்தவில்லை. ஏரியில் கல்லே இல்லை, மாஹிரா.

அந்தக் கல் நான் செய்தது. படத்துக்குச் செய்தது. வண்டலூரைத் தாண்டி ஒரு காலி மைதானத்தில் செட் போட்டிருந்தார்கள். முன்னூறு பேர் வேலை. இல்லை, நாற்பது பேர் இருப்போம். ஆர்ட் டிபார்ட்மெண்டில் ஜீவானந்தம் சார் என்று ஒருத்தர், ஒரு நிஜக் கல்வெட்டைப் பார்த்து எழுதின தாளைக் கொடுத்து, இதை அப்படியே பொறிச்சிடுங்க பாய் என்றார். ஃபைபரில் வார்த்து, எழுத்துக்கு அச்சு வெட்டி, கறுப்பும் சாம்பலும் அடித்து, மேலே மணலைத் தூவிவிட்டேன். பார்த்தால் கருங்கல். தூக்கினால் தலையணை. நாலு பேர் அசைக்க முடியாத கல் என்று எழுதினேனே, அதை லாசரஸின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து தோளில் சாய்த்துக்கொண்டுதான் ஏரிக்குப் போனேன். பக்கத்து வீட்டு லாசரஸ், உனக்குத் தெரியுமே, அவன்தான். சேறு பூசி, தண்ணீர் தெளித்து, போட்டோ எடுத்ததும் அவன்தான்.

அந்தப் பேர் எப்படி வந்தது என்பதைச் சொல்லத்தான் கஷ்டமாக இருக்கிறது.

தாளில் இருந்ததை எல்லாம் பொறித்த பிறகு கீழே ஒன்றரைச் சாண் இடம் மிச்சம் இருந்தது. ஜீவானந்தம் சாரைக் கேட்டேன். கேமரா அங்கே வராது பாய், எதையாவது போட்டு ரொப்புங்க என்றார். அன்றைக்குக் கலகக் கூட்டத்துக்கு வேஷம் போட்டு நிறுத்தியிருந்தார்கள். நெசவுக்காரர், எண்ணெய் ஆட்டுகிறவர், குயவர், உழுகிறவர் என்று எல்லாருக்கும் ஒரு வேஷம். நான் சும்மா கேட்டேன், ஏன் சார், இந்தக் கூட்டத்துல எங்காளுங்க ஒருத்தர்கூட இல்லையா என்று. அவர் சிரித்துக்கொண்டே, நீங்கதான் பாய் கல்லையே செய்றீங்களே, அப்புறம் இன்னா என்றார். அவர் தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. எல்லாரும் சாப்பிடப் போனதும் என் பேரையே எடுத்து, ராவுத்தன் என்று வால் வைத்து, தாளில் இருந்த எழுத்துகளிலேயே பொறுக்கி அந்த இடத்தில் பொறித்துவிட்டேன். குதிரை ஏறுகிற ஆள் என்றால் கம்பீரமாக இருக்கும் என்றுதான் ராவுத்தன்.

ஷூட்டிங் முடிந்து செட்டைக் கலைத்தபோது அந்தக் கல்லைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதோடு விட்டிருந்தால் என் பைத்தியம் என்னோடு போயிருக்கும். அந்த வருஷம் அக்கா வீட்டுப் பெருநாள் விருந்தில் உன் அத்தா என்னைப் பார்த்து, மச்சான் பொய்க் கல்லு செஞ்சே பொழைச்சிக்கினு கீறாரு என்று சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நீ மட்டும் சிரிக்கவில்லை. உடனே நான் ஏரியில் ஒரு நிஜக் கல்லைக் கண்டுபிடித்தேன் என்று ஆரம்பித்துவிட்டேன். மறுநாளே சேறும் போட்டோவும். வேலைக்குப் போவதா எம்.ஏ. சேருவதா என்று நீ யோசித்துக்கொண்டிருந்த நேரம் அது. போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, நாமளும் அங்க இருந்திருக்கோம் மாமா என்று சொன்னபோது உன் முகம் எப்படி இருந்தது தெரியுமா? அந்த முகத்தைப் பார்த்த பிறகு எப்படி உண்மையைச் சொல்வது என்று மூன்று வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை, இதுவும் முழு உண்மை இல்லை. பாதி நாள் நினைக்கவே இல்லை. எனக்கே அப்படி ஒரு முன்னோர் இருந்தார் என்கிற மாதிரி ஆகிவிட்டது. அவர் குதிரைக்கு வெள்ளை நிறம் என்றுகூட டீக்கடையில் சொல்லியிருக்கிறேன்.

போன வியாழக்கிழமை நீ உன் கட்டுரையின் முதல் பக்கத்தைப் போனில் அனுப்பினாய். 'இந்தக் கல்லைக் கண்டெடுத்த என் தாய்மாமன் பக்கீர் முகமது அவர்களுக்கு' என்று போட்டிருந்தது. கல் தொலைந்தாலும் பரவாயில்லை, போட்டோவும் மாமாவின் கடிதமும் போதும், இருபத்துநாலாம் தேதி கூட்டத்தில் படித்துவிடு என்று சாரே சொல்லிவிட்டதாகவும் எழுதியிருந்தாய். மறுநாள் பல்லாவரம் சந்தைக்குப் போய் அந்தப் பக்கத்தை மாட்ட ஒரு கண்ணாடிச் சட்டம் வாங்கி வந்தேன். அது சுற்றின பேப்பரோடு கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.

சனிக்கிழமை தாம்பரத்தில் படத்துக்குப் போனோம். தெருவையே கூட்டிக்கொண்டு போனேன் என்று எழுத வருகிறது. லாசரஸும் அவன் பெண்டாட்டி ரோஸியும் நானும், மூன்றே பேர். கடைசியில், கலகத்துக்குத் தலைவனாக வருகிற ராஜகுமாரன் கல்லை நட்டுவிட்டு, அதன்முன் நின்று பத்து நிமிஷம் பேசுகிறார். லாசரஸ் என் தொடையில் அடித்து, இன்னா பாய், உன் கல்லை மொத்தமா முதுகாலயே மறைச்சிட்டாரே என்றான். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சந்தோஷம்தான் வந்தது. பேர் வெளியே தெரியவில்லை, இனி யாருக்கும் எதுவும் தெரியாது, தப்பித்தோம் என்று. தியேட்டர் இருட்டில் அந்தச் சந்தோஷத்தை நினைத்து எனக்கே வெட்கமாகிவிட்டது. சொந்த மருமகளை ஏமாற்றிவிட்டு, மாட்டிக்கொள்ளவில்லை என்று சந்தோஷப்படுகிறவன் என்ன மாமன்?

போன வருஷம் நீ ஒரு தாள் அனுப்பினாய், ஞாபகம் இருக்கிறதா? மாயவரம் பக்கம் கொறுக்கையில் இருக்கிற நிஜக் கல்வெட்டை எனக்குப் புரிகிற தமிழில் எழுதி அனுப்பினாய். படித்தேன், பிரமாதம் என்று சொன்னேன். படிக்கவில்லை. திங்கட்கிழமைதான் எடுத்துப் படித்தேன். விளைச்சலைப் பார்த்து வரி போடவில்லை, அநியாயமாகப் போட்டார்கள், ஊரை விட்டு ஓடும் நிலைமைக்கு வந்தோம். நாம் ஒன்றாக இல்லாததால்தானே இப்படி ஆனது என்று தெரிந்துகொண்டோம். இனி விளைந்ததற்கு ஏற்ற நியாயமான வரியைத்தான் கொடுப்போம். வலங்கைக் கட்சியில் தொண்ணூற்றெட்டு, இடங்கைக் கட்சியில் தொண்ணூற்றெட்டு என்று, ஒருத்தருக்கு ஒருத்தர் ஆகாத ஜாதியெல்லாம் சேர்ந்து நின்று சொல்லியிருக்கிறார்கள்.

எனக்கு இருக்கிற புத்தி, கடைசி வரிக்குப் போய்த் தலைவன் பேரைத் தேடினேன். நீ அனுப்பின தாளில் ராஜகுமாரனும் இல்லை, குதிரையும் இல்லை. நாங்கள், நாங்கள் என்றுதான் இருக்கிறது. அவ்வளவு பேர் நின்ற இடத்தில் ஒருத்தரும் தன் பேரை முன்னால் நீட்டவில்லை. அறுநூறு வருஷம் கழித்து ஒன்றரைச் சாண் இடம் கிடைத்ததும் நான் என் பேரை நீட்டியிருக்கிறேன். படம் எடுத்தவர்களும்தான் ஒரு ராஜகுமாரனை நுழைத்தார்கள். ஆனால் அவர்கள் டிக்கெட் கொடுத்து, இது சினிமா என்று சொல்லித்தான் காட்டினார்கள். நான் உனக்குச் சொல்லவில்லையே.

நீ இதைக் கூட்டத்தில் படித்து, பிறகு ஒரு நாள் வெளியே வந்தால், பக்கீர் என்கிற செட் வேலைக்காரன் செய்தான் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மாஹிரா என்கிற பெண் தன் ஆட்கள் பேரைத் தானே கல்லில் எழுதிக்கொண்டாள் என்பார்கள். நாளைக்கு நிஜமாகவே நம் ஆள் ஒருத்தர் பேர் ஏதாவது ஒரு கல்லில் கிடைத்தாலும், போன தடவை மாதிரிதான் இதுவும் என்பார்கள். அந்த ஆள் எங்கேயோ இருந்து காத்துக்கொண்டிருந்தால் அவர் வாயையும் சேர்த்து நான் அடைத்திருக்கிறேன். இதை நினைத்துத்தான் இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. இது கூட்டிச் சொல்வது இல்லை, அக்காவைக் கேட்டுப் பார்.

அக்காவிடம் நேற்றுக் காலையில் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று தலையைக் குனிந்து நின்றேன். திட்டவில்லை. தோசைக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அவ உன் பேச்சை நம்பித்தாண்டா இந்தப் படிப்பையே எடுத்தா என்று மட்டும் சொன்னாள். எனக்கு அந்தத் தோசை வரவில்லை. நானும் கேட்கவில்லை.

சாருக்கு நம்பிக்கை வராவிட்டால் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்க்கச் சொல். அந்தக் கல்லில் இருக்கிற 'ப' எல்லாம் ஒரே அச்சு. அச்சு வெட்டும்போது பிளேடு வழுக்கி, எழுத்தின் இடது காலில் ஒரு சின்னப் பள்ளம் விழுந்தது. எல்லா 'ப'விலும் அந்தப் பள்ளம் இருக்கும். உளி பிடித்துக் கொத்துகிறவன் கை அப்படி ஒரே மாதிரி வராது.

அந்தக் கல் இத்தனை நாளும் என் வீட்டுப் பின்பக்கம்தான் இருந்தது, காற்றில் பறக்காமல் இருக்க மேலே ஒரு நிஜக் கல் வைத்து. இன்றைக்குக் காலையில் அந்தக் கடைசி வரியை மட்டும் ரம்பத்தால் அறுத்து எடுத்தேன். இந்தக் கடிதத்தோடு பார்சலில் வருகிறது. செட் வேலையில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எதைச் செய்தாலும் பின்பக்கம் சீன் நம்பரும், செய்தவன் பேரும் எழுதி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டோரில் எடுக்க மாட்டார்கள். துண்டைத் திருப்பிப் பார். 'சீன் 84, கல், பக்கீர்' என்று மார்க்கரில் இருக்கும். முன்னால் இருக்கிற பக்கீரை விட்டுவிடு. பின்னால் இருக்கிறவன்தான் உன் மாமா.

முதல் பக்கத்திலிருந்து என் பேரை எடுத்துவிடு. சார் என்னை நேரில் வரச் சொன்னால் ரயிலேறி வந்து அவர் முன்னால் நின்று சொல்கிறேன். நான் பத்தாவது படித்தவன் இல்லை, எட்டாவதில் ஃபெயில். அதையும் சாரிடம் சொல்லிவிடு. தப்பு முழுக்க என்னுடையது, இந்தப் பிள்ளைக்கு எதுவும் தெரியாது என்பதற்கு இந்தக் கடிதமே சாட்சி. போன கடிதத்தில் போட்ட அதே கையெழுத்தைத்தான் கீழே போட்டிருக்கிறேன், ஒத்துப் பார்த்துக்கொள்ளட்டும்.

நோன்பு வரப்போகிறது. உன் படிப்புக்கு ஒரு குறையும் வராமல் இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். பெருநாளைக்கு ஊருக்கு வந்தால் நம் வீட்டுக்கும் வந்து போ. வாசலிலேயே நின்று, இன்றைக்கு என்ன கதை மாமா என்று கேட்பாயே, அது இனி வேண்டாம். மாமா என்று மட்டும் ஒரு தடவை கூப்பிடு, அது போதும்.

பக்கீர் முகமது.