உனக்குக் கொடுத்த ரோட்டோர நிரை

என் பிரியமுள்ள மாப்பிள்ளை ஞானமுத்துவுக்கு,

என் தங்கச்சி எஸ்தரைக் கட்டிய நாளிலிருந்து உன்னை 'நீங்க' என்று மரியாதையாகக் கூப்பிடச் சொல்லி அம்மா எத்தனை முறை என்னைத் திட்டியிருப்பார்! தமிழ்ப்பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வா, போ என்று பழகிய வாய். அன்றைக்கும் முடியவில்லை, இன்றைக்கும் முடியவில்லை. மன்னித்துக்கொள். பார், அந்தச் சொல்லை எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டேன். அதைச் சரியான இடத்தில் சொல்லத்தான் எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

முதலில் வீட்டுச் செய்தி. உன் மகள் ரூபி ஒன்றாம் வகுப்புக்குப் போகிறாள். முன்பல் இரண்டும் விழுந்து, சிரித்தால் அப்படியே நீதான். லயத்து வீடுகளில் இப்போது ஞாயிற்றுக்கிழமையானால் யார் வீட்டில் வீடியோ ஓடுகிறதோ அங்கேதான் கூட்டம். செம்பனை எண்ணெய் விலை விழுந்துவிட்டது, ஆள் குறைக்கப்போகிறார்கள் என்று பேச்சு. சுங்கை செம்பிலாங் பக்கம் மீன் வாங்க நான் போவதே இல்லை. சைக்கிளின் பின்னால் உட்கார்ந்துகொண்டு மீன்காரனோடு நீ பேரம் பேசிய பேச்சையெல்லாம் திரும்பப் பேச எனக்கு வராது.

எஸ்தர் இன்னும் உதிரிப் பழம் பொறுக்கத்தான் போகிறாள். நீ குலை வெட்ட, உன் பின்னாலேயே சாக்கோடு வந்தவள், இப்போது வேறு யாரோ வெட்டும் மர நிரையில் குனிந்துகொண்டிருக்கிறாள். பக்கத்து வீட்டில்தான் இருக்கிறேன் என்று பெயர். அவள் முகத்தை நேராகப் பார்த்து ரொம்ப நாளாகிறது.

அன்றைக்குக் காலை பெயர் கூப்பிடும் பெரட்டில் நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். ஆளுக்கொரு நிரை பிரித்துக் கொடுத்த மண்டோர், ரோட்டோர நிரையை எனக்குப் போட்டார். எல்லோரும் ஆசைப்படும் நிரை அது. வெட்டிய குலைகளைத் தள்ளுவண்டியில் ரொம்ப தூரம் தள்ளவேண்டியதில்லை. நான் உன்னிடம் வந்தேன்.

"மாப்ள, ரோட்டோர நிரைய நீ எடுத்துக்க லா. ஒனக்குத்தான் முதுகு வலியாச்சே."

"நெசமாவா மச்சான்? நல்லா இருப்ப போ!"

எஸ்தர் பக்கத்தில் நின்று தலைத்துண்டைக் கட்டிக்கொண்டே சிரித்தாள்.

நான் ஏன் கொடுத்தேன் தெரியுமா? அதற்கு முந்திய சுற்றில் அந்த நிரையை வெட்டியவன் நான்தான். குலை வெட்ட மூங்கில் கம்பு போய் அலுமினியக் கம்பு வந்த புதிது. வளைவுக்குப் பக்கத்து மரத்தில் கம்பைத் தூக்கியபோது, அதன் நுனி கரண்டுக் கம்பிக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. மட்டை மறைத்திருந்ததால் கம்பி அவ்வளவு தாழ்வாகப் போவது முதலில் எனக்குத் தெரியவில்லை.  அந்த மரத்துக் குலையை வெட்டாமலே வந்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மண்டோர் பெரட்டிலேயே வைத்து, "என்னா அருள்தாஸ், பயந்துட்டியா?" என்று ஆறு மாதத்துக்குச் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்குப் பயந்தேன். கம்பிக்கும் பயந்தேன். உனக்காகத்தான் பயப்படவில்லை. நீ என்னைவிடக் கெட்டிக்காரன், பார்த்து வெட்டுவாய் என்று என் மனசுக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பத்து மணி இருக்கும். நான் நாலு நிரை உள்ளே இருந்தேன். எஸ்தர் போட்ட சத்தம் கேட்டு ஓடி வந்தேன். உன் கம்பு அந்தக் கரண்டுக் கம்பிமேல் சாய்ந்திருந்தது. அதற்குமேல் எழுத என்னால் முடியாது.

பிறகு கணக்கெழுதும் கிராணி எங்கள் எல்லோரையும் ஆபீஸ் வாசலில் நிறுத்திக் கேட்டார். "அங்க கம்பி தாழ்வாப் போறது யாருக்காவது முன்னாடியே தெரியுமா?" எல்லோரும் தலையாட்டி இல்லை என்றார்கள். நானும் ஆட்டினேன். உன் பெயருக்கு நேராகக் கவனக்குறைவு என்று எழுதினார்கள்.

இதோடு நின்றிருந்தால்கூட ஒரு மாதிரி. மூன்று மாதம் கழித்து, சனிக்கிழமை சாயங்கால ஜெபக் கூட்டம் எங்கள் வீட்டில் நடந்தது. கோலசிலாங்கூரிலிருந்து உபதேசியார் மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார். அந்த நிரை எனக்குப் போட்டது என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். "ஆண்டவர் ஒன்னக் காப்பாத்துனத எந்திரிச்சு சாட்சியாச் சொல்லுப்பா" என்றார். எழுந்து சொன்னேன், மாப்பிள்ளை! நன்றாகவே சொன்னேன். எனக்காகக் குறித்திருந்த சாவிலிருந்து கர்த்தர் என்னை விலக்கினார் என்றேன். ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று வீடே முழங்கியது. உன் மனைவி பாயில் உன் மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இப்படி ஒரு வெட்கம் கெட்டவனை நீ எங்காவது பார்த்திருக்கிறாயா?

கூட்டம் கலைந்தபின் தேத்தண்ணிக் கிளாசுகளைக் கழுவிக்கொண்டே எஸ்தர் கேட்டாள். "அண்ணே, ஒன்னப் பாத்த ஆண்டவரு கண்ணுக்கு இவரு தெரியலயா?"

நான் பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அதற்குப் பிறகு அவள் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள். வேதாகமம் அலமாரி மேல் ஏறிவிட்டது.

என் நிலைமையும் ஒன்றும் பெரிதில்லை. மாதா மாதம் டவுன் கோயிலில் திருவிருந்து கொடுக்கும்போது இருமல் வந்தவன்போல வெளியே போய்விடுவேன். ஜெபம் பண்ணு, சமாதானம் கிடைக்கும் என்றார்கள். பண்ணினேன். முழங்கால் காய்த்ததுதான் மிச்சம். மறைப்பதையும் மறைத்துக்கொண்டு, நிம்மதி கொடும் என்று கேட்டால் ஆண்டவர்தான் என்ன செய்வார்? சில நாள் அவர்மேலேயே கோபம் வரும். அன்றைக்குப் பெரட்டில் என் வாயை ஏன் அடைக்கவில்லை? அல்லது ஏன் திறக்கவில்லை? இன்றைக்கும் அதற்குப் பதில் எனக்குத் தெரியவில்லை.

போன மாதம் ரூபி பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்தாள். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"மாமா, அப்பா கவனமா இல்லாததாலதான் செத்துப் போயிட்டாராம். அம்மா சொன்னாங்க. நான் கவனமா இருப்பேன்."

ரோட்டிலேயே நின்றுவிட்டேன். உன்னைச் சாவில் கொண்டுபோய் விட்டது போதாதென்று, உன் பிள்ளையிடம் உன் பெயரையும் கெடுத்து வைத்திருக்கிறேன். எஸ்தர் உன்மேல் கோபமாக இருக்கிறாள். ஆண்டவர்மேல் கோபமாக இருக்கிறாள். அந்தக் கோபம் முழுவதும் என் வீட்டு விலாசத்துக்கு வரவேண்டியது.

அந்த வாரமே சனிக்கிழமை ஜெபக் கூட்டத்துக்கு, "ஒரே ஒரு தடவ வா" என்று அவளைக் கெஞ்சிக் கூட்டி வந்தேன். ரூபியோடு வாசலோரம் உட்கார்ந்தாள். சாட்சி சொன்ன அதே இடத்தில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு சாண் தூரம், மண்டோரின் சிரிப்புக்குப் பயந்தது, உன் முதுகுவலியைச் சாக்காக வைத்தது, ஆபீஸில் தலையாட்டியது, எல்லாம். யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. உபதேசியார் தலையைக் குனிந்துகொண்டார். நான் ரூபி பக்கம் திரும்பினேன்.

"ஒங்கப்பா கவனமாத்தாம்மா இருந்தாரு. மாமாவுக்குத் தெரியும், மாமாதான் சொல்லல."

எஸ்தர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். வாசலில் நின்று சொன்னாள். "நல்லா இருப்பன்னு ஒன்ன வாழ்த்திட்டுப் போனாருண்ணே. நானும் பக்கத்துல நின்னு சிரிச்சேன்." அவ்வளவுதான். போய்விட்டாள்.

திங்கட்கிழமை கிராணியிடமும் எழுதிக் கொடுத்தேன். கவனக்குறைவு என்ற சொல்லை அடிப்பார்களா என்று தெரியாது, கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அந்த வளைவு மரங்களை மட்டும் வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். லயத்தில் சில பேர் என்னோடு பேசுவதில்லை. நியாயம்தான்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், நீ நம்பவேண்டும். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக என் ஜெபம் பொய் இல்லாமல் இருந்தது. ஆண்டவரே என்று மட்டும் சொன்னேன், வேறு எதுவும் கேட்கவில்லை. துக்கம் குறையவில்லை. ஒளிந்துகொண்டிருந்தவன் வெளியே வந்துவிட்டேன், அவரும் அங்கேதான் இருந்தார். சமாதானம் என்று சொன்னது இதைத்தானா? நான் நினைத்ததைவிட இது ரொம்ப வலிக்கிறது. ஆனாலும் இதை விட்டுவிட்டுப் பழையபடி இருக்க என்னால் முடியாது.

நேற்று எஸ்தர் யாரும் கூப்பிடாமலே கூட்டத்துக்கு வந்தாள். அலமாரி மேலிருந்த வேதாகமம் அவள் கையில் இருந்தது. என் பக்கம் பார்க்கவில்லை. பரமண்டல ஜெபம் சொல்லும்போது அவள் குரலும் கேட்டது. எத்தனை மாதம் ஆயிற்று அந்தக் குரலைக் கேட்டு! 'எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல' என்ற வரி வந்தபோது அவள் நிறுத்திக்கொண்டாள். மற்றவர்கள் சொல்லி முடித்த பிறகு, அடுத்த வரியிலிருந்து மறுபடி சேர்ந்து ஆமென் வரைக்கும் சொன்னாள். பொய்யாகச் சொல்ல அவளுக்கு வராது. நானும் அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டேன்.

மாப்பிள்ளை, உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். வெட்டுக்குப் போகும் ஒவ்வொரு நாளும் பெரட்டில், மேலே பார்த்துக் கம்பைத் தூக்குங்கள் என்று சத்தம்போட்டுச் சொல்வேன். யார் சிரித்தாலும் சரி. நீ கவனமானவன் என்று ரூபிக்குச் சொல்லிக்கொண்டே இருப்பேன். எஸ்தரை அவசரப்படுத்த மாட்டேன். அந்த ஒரு வரியை அவள் சொல்லாத வரைக்கும் நானும் சொல்ல மாட்டேன், எத்தனை வருஷம் ஆனாலும்.

அன்றைக்கு நீ சொன்ன 'நல்லா இருப்ப போ' இன்னும் என்னிடம் அப்படியே இருக்கிறது. அவள் அந்த வரியைச் சொல்லும் நாளில் அதை எனக்கென்று எடுத்துக்கொள்கிறேன்.

உன் ரூபிக்குத் தாய்மாமன்,
உன் மச்சான் அருள்தாஸ்